பேஸ்மென்ட்டில் நிற்கும் காரும் அடிக்கடி இறங்கும் பேட்டரியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

அதிகம் ஓட்டாத கார் வைத்திருப்பவர்களுக்கு ஊரே சொல்லும் ஒரு வைத்தியம் உண்டு: "வாரத்துக்கு ஒருதடவை பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடுங்க, பேட்டரி இறங்காது." மெக்கானிக் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், வாட்ச்மேனும் சொல்வார். 2020 மார்ச் 25ல் ஊரடங்கு தொடங்கி வண்டிகள் எல்லாம் வாரக்கணக்கில் நின்றபோது இந்தப் பழக்கம் இன்னும் ஊறிப்போனது. திருச்சி தில்லைநகரில் இருக்கும் என் சித்தப்பாவும் ஞாயிறு தவறாமல் இதைச் செய்துகொண்டுதான் இருந்தார். அப்படியும் அவர் காரின் பேட்டரி திரும்பத் திரும்ப இறங்கியது. ஏன் இறங்குகிறது என்று மீட்டர் வைத்து அளந்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எண்களை விடாமல் எழுதுவதால் கொஞ்சம் நீளும். அவற்றை விட்டுவிட்டால் இது இன்னொரு "ஸ்டார்ட் பண்ணி விடுங்க" ஆலோசனையாகத்தான் முடியும்.

வண்டியின் கதை

பெட்ரோல் ஹேட்ச்பேக், ஏஎம்டி கியர், அதாவது கிளட்ச் மிதி இல்லாமல் தானாகக் கியர் மாறும் வகை. உள்ளே இருப்பது 35 ஏஎச் பேட்டரி, அதாவது 35 ஆம்பியர்-மணி. கடையில் 38பி20எல் என்று கேட்டால் எடுத்துத் தருவார்களே, அந்தச் சின்ன அளவு. சித்தப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கடைக்கும் கோயிலுக்கும் ஆட்டோவே போதும், பார்க்கிங் தேடும் தொல்லை இல்லை என்று ஆகிவிட்டதால் கார் வெளியே வருவது ஆஸ்பத்திரிக்கும் ஊரில் நடக்கும் விசேஷங்களுக்கும் மட்டும்தான். மகன் வெளிநாட்டில், மகள் கோயம்புத்தூரில். மகள் வீட்டுக்குப் போவதும் ரயிலில்தான்.

முதல் பேட்டரி போனபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நம் ஊர் வெயிலுக்கு ஒரு கார் பேட்டரி மூன்று, நான்கு வருடம் உழைத்தாலே பெரிய விஷயம், அது அந்த வயதைத் தொட்டிருந்தது. புதுசு மாட்டினார்கள். கோயம்புத்தூர் போய்த் திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் "டக் டக்" என்று மட்டும் சத்தம், செல்ஃப் எடுக்கவில்லை. கடைக்காரர் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய் சார்ஜ் ஏற்றி, லோடு டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "பேட்டரி நல்லா இருக்கு சார், ஓட்டாம வெச்சிருக்கீங்க, அதான்" என்று திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. இன்னொரு தடவை இறங்கியபோது சர்வீஸ் சென்டரில், இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் பார்த்தார்கள், 14.2 வோல்ட் வருகிறது, அதுவும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அதுவும் உண்மைதான்.

ஏஎம்டி வண்டியில் பேட்டரி இறங்கினால் கூடுதலாக ஒரு சங்கடம் இருக்கிறது. சாதாரண கியர் வண்டி என்றால் நான்கு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்துவிடலாம். ஏஎம்டியில் கிளட்ச், கியர் இரண்டையும் இயக்குவது மின்சாரத்தால் வேலை செய்யும் அமைப்பு. கியரில் போட்டு நிறுத்திய வண்டியில் கரண்ட் இல்லையென்றால் நியூட்ரலுக்கே வராது, தள்ளவும் முடியாது, ஒதுக்கவும் முடியாது. ராத்திரி சித்திக்கு மூச்சுத் திணறல் வந்து அவசரமாக ஆஸ்பத்திரி போக வேண்டிய நேரத்தில் இப்படி நின்றுபோனதுதான் சித்தப்பாவை உலுக்கிவிட்டது. ஆட்டோ கிடைத்தது, சித்தியும் நலம். ஆனால் மறுநாள் போனில், "டேய், அவசரத்துக்கு உதவாத வண்டி எதுக்கு, வித்துடலாம்னு பாக்கறேன்" என்றார். "அவசரப்படாதீங்க சித்தப்பா, நான் வந்து ஒருதடவை பாத்துடறேன்" என்றேன்.

போனபோது சித்தி பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். பழைய வீட்டு வாசலில் நின்றபோதும் கார் இப்படித்தான் எப்போதாவது ஓடியது, அங்கே ஒருநாளும் மக்கர் செய்ததில்லை, இந்த அபார்ட்மென்ட்டுக்குக் குடிவந்த பிறகுதான் எல்லாம் என்றார். வீடு ராசியில்லை என்பது அவர் கட்சி. எனக்கு அது மிக முக்கியமான தகவலாகப் பட்டது. அதே வண்டி, அதே குறைந்த ஓட்டம், இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

தூங்கும் வண்டியை அளப்பது

பேட்டரியைப் பார்த்தவர் பேட்டரி நல்லது என்றார், ஆல்டர்னேட்டரைப் பார்த்தவர் ஆல்டர்னேட்டர் நல்லது என்றார். இரண்டு சோதனையும் ஆள் பக்கத்தில் நிற்கும்போது செய்தவை. இந்தப் பேட்டரியோ யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் இறங்குகிறது. பூட்டிய வண்டி ராத்திரி முழுக்க எவ்வளவு கரண்ட் எடுக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. பேட்டரி மாற்றுவது அரை மணி நேர வேலை, கையில் காசும் வரும். இந்தச் சோதனைக்கோ பாதி நாள் காத்துக் கிடக்க வேண்டும், யார் கூலி தருவார்கள்? மெக்கானிக்கைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் போன அன்று பேட்டரி வோல்டேஜ் 11.4. முழுதாக சார்ஜ் ஆகி, சில மணி நேரம் சும்மா இருந்த 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி 12.6, 12.7 காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். 11.4 என்பது கிட்டத்தட்ட காலி. ஒன்றைக் கவனிக்க வேண்டும், ஓடி நின்ற கையோடு அளந்தால் இந்தக் கணக்கு பொய் சொல்லும், பேட்டரியின் மேலோட்டமான சார்ஜ் அடங்க நேரம் கொடுத்துவிட்டு, முடிந்தால் மறுநாள் காலையில், அளக்க வேண்டும்.

முதலில் பேட்டரியைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோய் ராத்திரி முழுக்க மெதுவாக சார்ஜ் ஏற்றினேன். பத்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், எனக்குப் பரவாயில்லை, சித்தப்பா வயதில் இதைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்பதை மனதில் குறித்துக்கொண்டேன். காலையில் மாட்டியபோது 12.65.

அப்புறம்தான் முக்கியமான சோதனை. பத்தாம் நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவ் டெர்மினலைத் தளர்த்தி எடுத்து, டெர்மினலுக்கும் அந்த வயருக்கும் நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் தொடராக இணைக்க வேண்டும். இப்போது வண்டிக்குப் போகிற கரண்ட் எல்லாம் மீட்டர் வழியாகத்தான் போகும். மீட்டர் இப்படி இருக்கும்போது சாவியைப் போடவே கூடாது, ஸ்டார்ட் செய்தால் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டரின் ஃபியூஸ் அந்த நொடியே போய்விடும். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சாதாரண கிளாம்ப் மீட்டர் இதற்கு உதவாது, அவற்றில் பெரும்பாலானவை வீட்டு லைனில் வரும் மாறுமின்னோட்டத்தை மட்டும்தான் அளக்கும். பேட்டரி தரும் நேர்மின்னோட்டத்தை, அதாவது டிசியை, அளக்கிற கிளாம்ப் இருந்தால் வயரைக் கழற்றாமலே பார்க்கலாம். சார்ஜ் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க எனக்கு அது பின்னால் பயன்பட்டது.

பானெட் திறந்திருக்கலாம், கதவுகள் மூடியிருக்க வேண்டும், அல்லது கதவின் பூட்டுக் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் மடக்கி, மூடியதாக வண்டியை நம்பவைக்க வேண்டும். ரிமோட்டால் பூட்டிவிட்டு சாவியைத் தூரமாகக் கொண்டுபோய்விட வேண்டும். பூட்டிய உடனே மீட்டர் இரண்டு ஆம்பியருக்கு மேல் காட்டும். பயப்பட வேண்டாம், வண்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இன்னும் விழித்திருக்கின்றன. ஒவ்வொன்றாக அடங்க இருபது நிமிடம், அரை மணி, சில வண்டிகளில் அதற்கும் மேலே ஆகும். பொறுமை இல்லாமல் ஐந்தாவது நிமிடத்தில் பார்த்துவிட்டு "இவ்வளவு இழுக்குதே" என்று பதறுகிறவர்களும் உண்டு.

முக்கால் மணி நேரம் கழித்து மீட்டர் 105 மில்லி ஆம்பியரில் நின்றது. இந்த மாதிரி வண்டிக்கு 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு என்று வைத்துக்கொள்ளலாம். கடிகாரம், பூட்டு ரிசீவர், அலாரம், இன்ஜின் கம்ப்யூட்டரின் நினைவு எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. 105 என்பது அதிகம், ஆனால் ஒரு பல்பு எரிவது போலப் பட்டவர்த்தனமாகத் தெரிகிற அளவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பதால்தான் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை.

எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது பழைய வழி. பிடுங்கித் திரும்பச் செருகும்போது ஏதாவது ஒரு பெட்டி விழித்துக்கொள்ளும், மறுபடி அரை மணி காத்திருக்க வேண்டும். அதைவிட, ஃபியூஸின் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மீட்டரின் முனைகளை வைத்து மில்லி வோல்ட் அளப்பது சுலபம். ஃபியூஸுக்கும் சில மில்லி ஓம் மின்தடை உண்டு, அதன் வழியாகக் கரண்ட் போனால் சிறிய வோல்டேஜ் தெரியும், போகாவிட்டால் சுழியம். இப்படி வரிசையாகத் தொட்டுக்கொண்டே வந்ததில் பெரும்பாலானவற்றில் ஒன்றும் இல்லை, மியூசிக் சிஸ்டமும் உள்விளக்கும் சேர்ந்திருக்கும் ஃபியூஸில் மட்டும் முக்கால் மில்லி வோல்ட் அளவுக்கு ஆடியது. டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தால், அந்த வயரின் தோலைச் சீவி, இன்னொரு வயரை முறுக்கி, டேப் சுற்றியிருந்தது. அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. ஜிபிஎஸ் டிராக்கர்.

மகன் வெளிநாடு போகுமுன் ஒரு ஆக்சஸரீஸ் கடையில் மாட்டச் சொன்னது. சித்தப்பாவுக்கு அது இருப்பதே மறந்துபோயிருந்தது. அதன் இணைப்பைக் கழற்றினேன், மீட்டர் 25க்கு இறங்கியது.

ஆக 80 மில்லி ஆம்பியர் இந்தப் பெட்டிக்கு. ஆனால் இதே டிராக்கர் பழைய வீட்டிலும் இருந்ததே, அங்கே ஏன் பேட்டரி இறங்கவில்லை? இதைத் தெரிந்துகொள்ளாமல் விட எனக்கு மனம் ஒப்பவில்லை. டிராக்கரைத் திரும்ப இணைத்து, வண்டியை பேஸ்மென்ட்டிலிருந்து எடுத்துத் தெருவில் நிறுத்தி, மறுபடி மீட்டரைப் போட்டுக் காத்திருந்தோம். நாற்பதுக்குப் பக்கத்தில் நின்றது. அவ்வப்போது ஒரு நொடி எகிறி, பிறகு இறங்கும். அது டிராக்கர் தன் இருப்பிடத்தை அனுப்புகிற நேரம். வெளியில் செல்போன் டவரும் செயற்கைக்கோளும் உடனே கிடைப்பதால் தகவலை அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறது. பேஸ்மென்ட்டில் டவரும் கிடையாது, செயற்கைக்கோளும் கிடையாது, இரண்டையும் தேடிக்கொண்டு இருபத்திநாலு மணி நேரமும் விழித்தே கிடக்கிறது. சித்தி சொன்ன அந்த இடமாற்றத்துக்கான விளக்கம் இதுதான்.

கணக்கு

105 மில்லி ஆம்பியரை 24 மணி நேரத்தால் பெருக்கினால் ஒரு நாளைக்கு 2.5 ஆம்பியர்-மணி. வாரத்துக்கு 17.5. 35 ஏஎச் பேட்டரியில் சரிபாதி ஒரே வாரத்தில் போய்விடுகிறது. பத்துப் பன்னிரண்டு நாள் மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்தால் வண்டி எடுக்காது என்பதில் மர்மமே இல்லை.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடத்துக்கு வருவோம். சித்தப்பா வழக்கமாகச் செய்வது போலவே ஸ்டார்ட் செய்யச் சொல்லி, டிசி கிளாம்ப்பை பேட்டரி வயரில் மாட்டினேன். ஸ்டார்ட் ஆனதும் பேட்டரிக்குள் 18 ஆம்பியர் போனது, சில நிமிடங்களில் 10க்கு இறங்கியது. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குப் புழுங்குமே, ஏசியைப் போட்டார். ப்ளோயரும் ரேடியேட்டர் விசிறியும் சேர்ந்து ஓட, ஐட்லிங்கில், அதாவது வண்டி நகராமல் இன்ஜின் மெதுவாக ஓடும்போது, சுற்றும் ஆல்டர்னேட்டர் கொடுப்பதில் பேட்டரிக்கு மிஞ்சியது 3, 4 ஆம்பியர். பத்து நிமிடத்துக்கு ஏறியது முக்கால் ஆம்பியர்-மணி கூடத் தேறாது. ஏசி இல்லாமல் விட்டாலும் 2 தான் வரும். வாரம் 17.5 போகிற இடத்தில் 2 வருகிறது.

ஸ்டார்ட் செய்வதற்கே நிறைய சார்ஜ் செலவாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 150 ஆம்பியர் என்றாலும் அது இரண்டு நொடிதான், கணக்குப் போட்டால் 0.1 ஆம்பியர்-மணிக்கும் குறைவு. பேட்டரியைத் தின்பது செல்ஃப் மோட்டார் இல்லை, நிற்கிற நேரம்.

சரி, டிராக்கர் போய்விட்டதே, இனி பத்து நிமிடம் போதுமா? 25 மில்லி ஆம்பியர் என்றால் நாளைக்கு 0.6, வாரத்துக்கு 4.2. ஐட்லிங்கில் கிடைப்பது அப்போதும் 2 தான். எந்தக் கோளாறும் இல்லாத வண்டிக்கே இந்த வைத்தியம் பற்றாது, மெதுவாகத்தான் இறங்கும் என்பதால் குற்றம் கடைசியில் பேட்டரி தலையில் விழும். இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பத்து நிமிடத்தால் வேறு கெடுதலும் உண்டு. குளிர்ந்த இன்ஜின் அதிகப் பெட்ரோலைக் குடிக்கும், எரிந்ததில் உண்டாகும் நீராவி சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கும், அது காய்ந்து போகுமுன் வண்டியை அணைத்துவிடுகிறோம். மூடிய பேஸ்மென்ட்டில் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு வேறு. பெரியவர்கள் அதற்குள் உட்கார்ந்திருப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

முக்கால் மணி நேரம் ரோட்டில் ஓட்டினால் 6 ஆம்பியர்-மணி அளவுக்கு ஏறும், ஒரு வார இழப்பை ஈடுகட்டலாம். அதுவும் முழுமை ஆகாது. ஈய-அமில பேட்டரி எண்பது சதவீதம் வரை வேகமாக ஏற்றுக்கொள்ளும், கடைசி இருபது சதவீதத்தில் கரண்ட் குறைந்துகொண்டே போய் பல மணி நேரம் எடுக்கும். எப்போதாவது ஓடும் வண்டியின் பேட்டரி அந்தக் கடைசிக் கட்டத்தை எட்டிப் பார்ப்பதே இல்லை. பாதி வயிற்றோடு நிற்கும் பேட்டரிக்குள் தகடுகளில் படியும் ஈய சல்பேட், ஈரத்தில் விட்ட உப்பு பாறையாக இறுகுவது போல நாளாக ஆகப் பெரிய படிகங்களாக இறுகிவிடுகிறது, பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் கரையாது, அந்த அளவுக்குக் கொள்ளளவு நிரந்தரமாகப் போய்விடும். வெயில் இதை இன்னும் வேகப்படுத்தும், சூடு 10 டிகிரி கூடினால் பேட்டரி தானாக இறங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பேஸ்மென்ட் சித்தப்பாவுக்குச் செய்த ஒரே நல்லது, திருச்சியின் மே மாத வெயிலிலிருந்து பேட்டரியைக் காப்பாற்றியதுதான்.

என்ன செய்தோம்

டிராக்கரைப் பற்றி மகனிடம் பேசினோம். திருடு போனால் கண்டுபிடிக்கத்தான் மாட்டினேன் என்றான். பேஸ்மென்ட்டில் அது எந்தத் தகவலையும் அனுப்புவதே இல்லை, செயலியைத் திறந்து பார் என்றதும் பார்த்தான். கடைசியாக வண்டி வெளியே போன நாளோடு வரைபடம் நின்றிருந்தது. சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயருக்கு அதை மாற்றினோம், முறுக்கி டேப் சுற்றிய இணைப்பை எடுத்துவிட்டுத் தனி ஃபியூஸோடு. வண்டி கிளம்பினால் டிராக்கர் விழித்துக்கொள்ளும், அது போதும்.

அடுத்தது சார்ஜர். பல கட்டமாக ஏற்றி, நிறைந்ததும் தானே குறைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் சார்ஜர், 4 ஆம்பியர். 35 ஏஎச் பேட்டரிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் என்பது பழைய கணக்கு, அதையொட்டித்தான் எடுத்தோம். முதலில் முழு வேகத்தில், பிறகு 14.4 வோல்ட் அளவில் நிறுத்தி, நிறைந்ததும் 13.6க்கு இறக்கி அப்படியே தாங்கிப் பிடிக்கும். பாதி இறங்கிய பேட்டரிக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகும், அதாவது ஒரு ராத்திரி. மெக்கானிக் கடைகளில் இருக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரை வாங்கிவந்து மாட்டிவிட்டுத் தூங்கிவிடாதீர்கள், அது நிறுத்தாது, அமிலம் கொதித்துத் தண்ணீர் வற்றிவிடும். சார்ஜரின் விலை ஒரு புதுப் பேட்டரியின் விலையை ஒட்டித்தான் வரும், அதற்குக் குறைவாகவும் கிடைக்கிறது. இனி வரும் பேட்டரிகள் கூடுதல் காலம் உழைத்தால் நாளடைவில் காசு திரும்பிவிடும்.

சார்ஜரை விடச் சிரமமாக இருந்தது ப்ளக் பாயின்ட்தான். சித்தப்பாவின் பார்க்கிங்கில் கிடையாது, மோட்டார் ரூம் சுவரில் ஒன்று இருக்கிறது. சங்கச் செயலாளரிடம் கேட்டோம். முதலில் கரண்ட் பில் யார் கட்டுவது என்றார். ஒரு தடவை சார்ஜ் செய்ய அரை யூனிட் கூட ஆகாது என்று கணக்குக் காட்டியதும், மாதம் ஒருநாள், அந்த இடத்தில் நிறுத்தி, ஆள் போக வர இடைஞ்சல் இல்லாமல் செய்துகொள்ளுங்கள் என்று ஒப்புக்கொண்டார். முதலில் கிளிப்புகளை மாட்டிவிட்டு, பிறகு சுவிட்சைப் போட வேண்டும், எடுக்கும்போது சுவிட்ச் முதலில். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், காற்றில் நான்கு சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். அதனால் பானெட்டைத் திறந்தே வைக்கச் சொல்லியிருக்கிறேன். நெகட்டிவ் கிளிப்பை டெர்மினலில் மாட்டாமல் இன்ஜின் பக்கம் உள்ள எர்த் போல்ட்டில் மாட்டுவது நல்லது, நெகட்டிவ் டெர்மினலில் சென்சார் வைத்த வண்டிகளில் ஏறிய சார்ஜை வண்டியும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

ஒரு சிக்கலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அடியோடு இறங்கிப்போன பேட்டரியை சில ஸ்மார்ட் சார்ஜர்கள் பேட்டரியாகவே மதிக்காது, எந்த விளக்கும் எரியாது, சார்ஜர் பழுது என்று நினைத்துவிடுவோம். ஜம்ப்பர் கேபிளால் இன்னொரு நல்ல பேட்டரியோடு பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ், நெகட்டிவுக்கு நெகட்டிவ் என்று கொஞ்ச நேரம் இணைத்து, வோல்டேஜ் சற்று ஏறியதும் சார்ஜரைப் போட்டால் ஏற்றுக்கொள்ளும்.

பல நாள் ஊருக்குப் போகும்போது நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிடுவது எல்லாவற்றையும் விட மலிவான வழி. சித்தப்பாவால் ஸ்பேனர் பிடித்துக் குனிய முடியாது என்பதால் திருகினால் துண்டிக்கும் பித்தளைக் குமிழ் ஒன்றை நெகட்டிவ் டெர்மினலில் பொருத்தினோம், நான்கு சுற்று சுற்றினால் போதும். முழு சார்ஜோடு இப்படித் துண்டித்துவிட்டுப் போனால் இரண்டு மாதம் கழித்து வந்தாலும் ஸ்டார்ட் ஆகும், பேட்டரி தானாக இழப்பது மாதம் சில சதவீதம்தான். திரும்ப இணைக்கும்போது கடிகாரம் ஓடாமல் நின்றிருக்கும், ஜன்னலின் ஆட்டோ வேலை செய்யாமல் மறுபடி பழக்க வேண்டியிருக்கலாம். ரிமோட் வேலை செய்யாது, கதவைச் சாவித் துளையில்தான் திறக்க வேண்டும், பானெட் நெம்புகோல் உள்ளே இருப்பதால் இது முக்கியம். இதைச் சொன்ன கையோடு சித்தப்பாவை அந்தச் சாவித் துளையில் திறந்து பார்க்கச் சொன்னேன். வருடக்கணக்கில் பயன்படுத்தாததால் இறுகிப்போயிருந்தது, எண்ணெய் ஸ்ப்ரே அடித்துச் சரிசெய்தோம். உங்கள் வண்டியிலும் ஒருதடவை திறந்து பார்த்துவிடுங்கள்.

ஸ்பேனரால் கழற்றுகிறவர்கள் எப்போதும் நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். பாசிட்டிவில் ஸ்பேனர் இருக்கும்போது அதன் மறுமுனை பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும், நெகட்டிவ் ஏற்கெனவே கழன்றிருந்தால் ஒன்றும் ஆகாது.

சோலார் பேனல் வைத்தால் என்ன என்று சித்தப்பா கேட்டார். பேஸ்மென்ட்டுக்கு அது ஆகாது. வெட்டவெளியில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு நல்ல வழிதான். 5 வாட் பேனல் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஆம்பியர்-மணிக்கு மேல் தரும், கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் பாதியாகக் குறைந்தாலும் 0.6 இழப்பை ஈடுகட்டிவிடும். ஆனால் சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் பல வண்டிகளில் சாவி போடாமல் அந்தத் துளை உயிரோடே இருக்காது, பேட்டரிக்கு நேராக ஃபியூஸோடு வயர் இழுக்க வேண்டும்.

அதன் பிறகு

பல முறை அடியோடு இறங்கிய பேட்டரி பிழைக்குமா என்பதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. முழு சார்ஜில் ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் எவ்வளவு விழுகிறது என்று பார்த்தேன். 9.6க்குக் கீழே போனால் பேட்டரி பலவீனம் என்று பொருள், இது 9.7 காட்டியது, விளிம்பில் இருந்தது. மெதுவான சார்ஜ் சில தடவை ஏறிய பிறகு 10.1 ஆனது. புதுசாக இருந்தபோது இருந்த கொள்ளளவு திரும்ப வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், இறுகிய சல்பேட்டில் கொஞ்சம் போனது போனதுதான். மாற்ற வேண்டிய நிலை இல்லை, அவ்வளவே.

பேட்டரியில் போனோடு பேசும் ஒரு சின்ன வோல்ட் மீட்டரும் மாட்டியிருக்கிறோம், அது எடுக்கும் கரண்ட் ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர்தான். காய்கறி வாங்கக் கீழே இறங்கும்போது வண்டிப் பக்கம் போய் எண்ணைப் பார்த்துவிட்டு எனக்கு அனுப்புவது சித்தப்பாவுக்குப் பழக்கமாகிவிட்டது. 12.4க்குக் கீழே போனால் சார்ஜர் போட வேண்டும் என்பது நாங்கள் வைத்திருக்கும் கோடு. மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுவதோடு இடையில் ஓட்டவும் செய்வதால் இதுவரை அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஐட்லிங் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக, மனமிருக்கும் வாரங்களில் சித்தப்பாவும் சித்தியும் காவிரிப் பாலம் தாண்டி, சமயபுரம் வழியாகப் பாடாலூர் வரை ஹைவேயில் ஓட்டிவிட்டு வருகிறார்கள். பேட்டரிக்காக மட்டும் இல்லை, டயர் ஒரே இடத்தில் அழுந்தி நிற்காமல் இருக்கவும், பிரேக் டிஸ்க்கில் துரு ஏறாமல் இருக்கவும், இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்து உள்ளிருக்கும் ஈரம் போகவும் இந்த ஓட்டம் வேண்டும்.

காரை விற்கும் பேச்சு இப்போது இல்லை. டிக்கியில் ஜம்ப்பர் கேபிளும், எதை எதோடு எந்த வரிசையில் மாட்டுவது என்று கொட்டை எழுத்தில் எழுதிய தாளும் இருக்கின்றன: சிவப்பு முதலில் இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில், அடுத்த முனை உதவிக்கு வந்த வண்டியின் பாசிட்டிவில், கறுப்பு உதவிக்கு வந்த வண்டியின் நெகட்டிவில், கடைசி முனை நம் வண்டியின் இன்ஜின் உலோகத்தில், பேட்டரியை விட்டுத் தள்ளி. அதே பேஸ்மென்ட்டில் அடிக்கடி பேட்டரி மாற்றும் இன்னும் சில வண்டிகள் இருப்பதாகச் செயலாளரே சொன்னார். அவற்றில் டாஷ்கேம் வைத்த வண்டி ஒன்று, நிறுத்தியிருக்கும்போதும் படம் பிடிக்கும்படி நேரடி வயரில் மாட்டியது. மல்டிமீட்டரை சித்தப்பாவிடமே விட்டுவிட்டு வந்திருக்கிறேன், அந்த வண்டியை அவர் அளந்து பார்க்கப் போகிறார்.